இடப்பக்கம் வளையும் மஞ்சள் தட்டு

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான், சிமெந்து மூட்டை தூக்கியே வெள்ளவத்தையில் சொந்தமாக இரண்டு கடை போட்டவன். எந்தச் சாமானையும் கையில் எடுத்த உடனே தரம் சொல்லிவிடுவேன். அந்த மனிதரிடம் மட்டும் என் கணிப்புப் பிழைத்தது.

கனடாவிலிருந்து வந்திருந்தார். நரைத்த தாடி, உடம்புக்குப் பெரிதான டீசேர்ட். பின்னேரங்களில் கடற்கரையில், கடல் வலப்பக்கம் இருக்க, தெற்கே பார்த்து நின்று பிளாஸ்டிக் தட்டுகளை எறிவார். டிஸ்க் கோல்ஃப் என்று, தட்டை எறிந்து தூரத்துக் கூடையில் விழுத்துகிற ஒரு விளையாட்டாம். வயதுக்கேற்ற புத்தியில்லாத ஆள் என்று கணித்தேன். ஒவ்வொரு முறையும் எறியுமுன் தட்டை நெஞ்சில் துடைப்பார்.

ஒருநாள் நானும் எறிந்து காட்ட, மெல்லிய நீலத் தட்டை எடுத்தேன்.

"அண்ணை, அது எதிர்க்காத்துக்குக் கவிண்டு கடலுக்குப் போயிடும். இந்த மஞ்சள்தான் சரி. ஓவர்ஸ்டேபிள் டிரைவர் எண்டு இந்தமாதிரித் தட்டுக்குப் பேர். கடலுக்கு மேலால எறிஞ்சாலும் கடைசியில இடப்பக்கம் வளைஞ்சு கரைக்கு வந்திடும்."

"கெட்டிக்காரன்தான் தம்பி. ஆர் பழக்கினது?"

"மகன். இது அவன்ர தட்டு. அவன்ர சாம்பலை இந்தக் கடலிலதான் கரைச்சனான்."

நான் நீலத் தட்டை நெஞ்சில் துடைத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

கனடாவுக்குத் திரும்புவதற்கு முதல் நாள் அவர் வடக்கே பார்த்து நின்றார். கையில் மஞ்சள் தட்டு.

"தம்பி, அந்தப் பக்கம் பார்த்து எறிஞ்சா இடப்பக்கம் கடலெல்லோ!"

"ஓம் அண்ணை. அவனிட்டயே போகட்டும்."

தட்டு நேரே பறந்து, அவர் சொன்னபடியே இடப்பக்கம் வளைந்து, அலைக்குள் இறங்கியது. அவர் வெறும் கையை நெஞ்சில் துடைத்தபடி ரயில் பாதையைக் கடந்து போய்விட்டார்.

ஈரமணலில் மஞ்சளாக எது கிடந்தாலும் இன்றைக்கும் நான் குனிந்து பார்க்கிறேன்.