தர்ம அரிசிக்கு எழுதிய மனு

அம்மா தர்ம அரிசி கேட்டதற்கு இல்லையென்று சொல்லிவிட்டார்கள் என்ற செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாட்டுவண்டிக்காரர். நான் அப்போது பதுளையில் பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்பில் இருந்தேன். ஒரு துணிக்கடையின் பின்கட்டில் தங்கி, சாயங்காலத்தில் முதலாளிக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பேன். அதற்குச் சோறு உண்டு, சம்பளம் கிடையாது.

"தம்பி, ஒங்கம்மா அரிசி தள்ளுபடி ஆயிருச்சு. வேற எங்கயோ சம்பாத்தியம் இருக்குன்னு எழுதிட்டாங்களாம். படிச்ச புள்ள நீங்க, ஒரு எட்டு வந்து பாருங்க" என்றார்.

தோட்டத்தில் தர்ம அரிசி என்பது வேலை செய்ய முடியாதவர்களுக்கு வாரம் ஒருமுறை ஸ்டோரில் அளந்து கொடுக்கும் அரிசி. வேறு வருமானம் இருக்கக்கூடாது என்பதுதான் ஒரே நிபந்தனை. அப்பா காய்ச்சலில் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. அம்மா கார்த்திகை மழையில் கொழுந்துக் கூடையோடு தண்ணீர் வடியும் கானைத் தாண்டும்போது வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டை ஒடித்துக்கொண்டாள். நாட்டு வைத்தியர் கட்டிய கட்டு கோணலாகக் கூடிவிட்டது. தையிலும் மாசியிலும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போய்ப் பார்த்தாள். பங்குனி பிறந்ததும் முடியவில்லை என்று நின்றுவிட்டாள். அரிசி கிடைத்தால் அவள் பானை கொதிக்கும். கிடைக்காவிட்டால் நான் பள்ளிக்கூடத்தை விட்டு வந்து தோட்டத்தில் பேர் பதிய வேண்டும். எங்கள் குடும்பத்தில் எழுத்து தெரிந்த முதல் ஆள் நான்தான். அந்த எழுத்து இன்னும் பத்து மாதம் முடிந்தால்தான் ஒரு வேலைக்கு ஆகும். இதை அம்மாவும் நானும் பேசிக்கொண்டதில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் தெமோதரைப் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்துக்கு நடந்தேன். லயத்து வரிசை வீடுகளுக்குள் நுழையும்போதே பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அத்தை பிடித்துக்கொண்டது. சொந்த அத்தை இல்லை. அம்மாவை மதினி என்று கூப்பிடும், அதனால் எனக்கு அத்தை.

"வாங்க மருமகனே. பதுளைச் சோறு கன்னத்துல ஏறியிருக்கே! இங்க ஒங்கம்மாவுக்கு ஒரு படி அரிசிக்குப் பெரிய வழக்கே நடக்குது."

"வந்ததும் வராததுமா ஏன்டி அவனை வம்புக்கு இழுக்கிற? மொதல்ல தண்ணி குடிக்கட்டும்" என்றாள் அம்மா. இடது கையால் செம்பை நீட்டினாள். வலது கை விரல்கள் பாதி மடங்கியபடியே நின்றன. முழுக்க விரியவும் இல்லை, மூடவும் இல்லை.

அன்றைக்குச் சோறு அத்தை வீட்டிலிருந்து வந்தது. முந்திய நாள் எதிர் லயத்திலிருந்து வந்ததாம். "தெனம் ஒரு வீட்டுப் பானையில என் பங்கு வேகுது. அவங்களுக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல?" என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனு எழுத உட்கார்ந்தேன். வாசலில் நாலைந்து பெண்கள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். எழுதியதை உரக்கப் படித்தேன். 'மகாகனம் பொருந்திய துரை அவர்கள் சமுகத்துக்கு, தங்கள் திருவடி நிழலை அண்டி வாழும் ஏழை விதவை அநேக நமஸ்காரங்களுடன் சமர்ப்பிக்கும் விண்ணப்பம்' என்று தொடங்கி அது நீண்டது.

அத்தை கீரையை வைத்துவிட்டுக் கேட்டது: "ஏன் மருமகனே, கை ஒடிஞ்சது எந்த எடத்துல வருது?"

"ரெண்டாம் பக்கத்துல."

"அதுவரைக்கும் தொரை முழிச்சிருப்பாரா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம்தான். ஆனாலும் யோசித்துப் பார்த்து ஒரே பக்கமாகச் சுருக்கினேன். வேறு சம்பாத்தியம் என்ற குற்றச்சாட்டுக்கு அழுத்தமாக ஒரு பதில் வேண்டும் என்று பட்டது. அதனால், 'கை ஒடிந்தபின் இவர் மலைக்குப் போன நாட்களில் ஒரு நாள்கூட முழுப் பேர் கிடைத்ததில்லை' என்று எழுதினேன். ஒரு நாளைக்கு உரிய அளவு கொழுந்து எடுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் கூலி. குறைந்தால் அரைப் பேர். ஒடிந்த கைக்கு அரைப் பேருக்கு மேல் எப்படிக் கிடைக்கும்? யாரையும் கேட்காமல் நானே முடிவு செய்துகொண்டேன்.

அந்த வரியைப் படித்தபோது கீரை ஆய்ந்த கைகளெல்லாம் நின்றுவிட்டன. என் எழுத்தின் வேகம் என்று நினைத்துக்கொண்டேன்.

"அதை எழுதத்தான் வேணுமாடா?" என்று அம்மா கேட்டாள்.

"அதுதாம்மா முக்கியம்."

"நீ படிச்சவன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனேன். கிளாக்கர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். மனுவை நின்றபடியே வாசித்தார்.

"தம்பி, எழுத்து வடிவா இருக்கு. விஷயந்தான் பிழை" என்றார்.

உள்ளே போய் அன்றாடப் பேர் பதியும் செக்ரோல் புத்தகத்தை எடுத்துவந்து என் பக்கம் திருப்பிவைத்தார். தை, மாசி. அம்மாவின் வரியில் ஒரே ஒரு நாள் அரைப் பேர். மற்ற நாளெல்லாம் முழுப் பேர். அதற்கு மேல், பல நாட்களில் கைக்காசு வேறு. அளவுக்கு மேல் பறித்த கொழுந்துக்குத் தனியாகக் கொடுப்பது கைக்காசு. இரண்டு கையும் நன்றாக இருக்கிற பெண்களே எப்போதாவதுதான் வாங்குவார்கள்.

"ஒடிஞ்ச கையோட கைக்காசு எடுத்த மனுசியை நான் இந்த மலையில காணேல்லை. கை சுகமெண்டுதானே துரை நினைப்பார்? இப்ப ஒரு மாசமா மலைக்கும் வாறேல்லை. பக்கத்து ஊரில மரக்கறித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போறாவெண்டு கங்காணி சொல்லுறார். நாளைக்குக் காலமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. துரையிட்டையே கதையுங்கோ."

மனுவைத் திருத்திக்கொண்டு வருகிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

ஆபீசிலிருந்து லயத்துக்கு ஏற்றம். அந்த ஏற்றம் முழுக்க என் அம்மாவை நான் சந்தேகப்பட்டேன். கை உண்மையிலேயே முடியவில்லையா? எனக்காக எங்கேயாவது போய்ச் சம்பாதித்து வைக்கிறாளா? இதை எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது.

நேராகவே கேட்டேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "அந்த வரியை எடுத்துரு" என்றாள்.

சாயங்காலம் நிறுவை முடிந்து மலையிலிருந்து இறங்கிய அத்தையைத் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் நிறுத்திக் கேட்டேன். அத்தை கூடையை இறக்கிவைத்துவிட்டு முகம் கழுவியது.

"ஒங்கம்மா ஒத்தக் கையால பறிச்சா அரைப் பேருக்கும் காணாது. அதான் அவ நெரைக்குப் பக்கத்து நெரையில நிக்கிறவங்க ஆளுக்கு ரெண்டு பிடி அவ கூடையில போட்டோம்."

"எத்தனை பேர்?"

"ஆறு பேர். நான் போட்டது எனக்குத் தெரியும். மத்தவ போட்டது தராசுல தொங்கும்போதுதான் தெரியும். மொத நாளே கைக்காசு விழுந்திருச்சு. கங்காணி மொகத்தப் பாத்திருக்கணும்!"

"அளவாப் போடக்கூடாதா அத்தை?"

"கூடைக்குக் கூடை தராசா கட்டித் தொங்குது? ஒரு நா எல்லாரும் பயந்துக்கிட்டுக் கொறச்சுப் போட்டோம். அன்னைக்கி அரைப் பேரு விழுந்துச்சு. எனக்குச் சோறு எறங்கல. மறுநா ஒவ்வொருத்தியும் மத்தவ போட மாட்டான்னு நெனச்சு ஒரு பிடி கூடவே போட்டுட்டோம்."

அப்படி விழுந்த கைக்காசை அம்மா வைத்துக்கொள்ளவில்லை. வெற்றிலையும் வெல்லமும் வாங்கி அந்த ஆறு வீட்டுக்கும் கொடுத்துவிட்டாளாம்.

ஒருவர் கொழுந்தை இன்னொருவர் கூடையில் போடுவது தோட்டத்தில் பெரிய குற்றம். தெரிந்தால் போட்டவருக்கும் வாங்கியவருக்கும் பேர் வெட்டுவார்கள், கூலி போய்விடும். இருந்தாலும் எனக்கு வழி ஒன்றுதான் தெரிந்தது. உண்மையை எழுதிவிட்டால் செக்ரோல் கணக்கு நேராகிவிடும். கை முடியவில்லை என்பதும் நிரூபணமாகிவிடும். அதை வீட்டில் சொன்னேன். அத்தை உடனே, "எழுதிக்க மருமகனே. போனா ஒரு நாப் பேரு" என்றது.

"ஒரு நாளோட விடுவாங்களா? ரெண்டு மாசத்துக்கும் சேர்த்து வெட்டுவாங்க. ஆறு வீடு" என்றாள் அம்மா. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அவங்க பேரை எழுதி வர்ற அரிசியில நான் ஒலை வைக்க மாட்டேன். சொல்லிப்புட்டேன்."

அம்மா குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நான் வாதாடியிருப்பேன்.

மறுநாள் விடிந்ததும் மனுவை நாலு வரியாக எழுதினேன். கானில் விழுந்து கை ஒடிந்தது, கூடியது கோணல், வேறு வருமானம் இல்லை, துரை அவர்கள் கையைப் பார்த்து உத்தரவு தர வேண்டும். செக்ரோலைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று போகும் வழியெல்லாம் யோசித்தேன். அம்மா முந்தானையால் கையை மூடிக்கொண்டு பின்னால் வந்தாள்.

துரை ஆபீஸ் வாசலுக்கு வந்தார். கிளாக்கர் ஐயா புத்தகத்தோடும், கங்காணி தலைப்பாகையைக் கையில் பிடித்தபடியும் நின்றார்கள். துரை தோட்டத்திலேயே தமிழ் கற்றவர்.

"கை காட்டு" என்றார்.

அம்மா காட்டினாள். மணிக்கட்டை அழுத்திப் பார்த்தார். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள். விரலை மடக்கச் சொன்னார், மடங்கவில்லை. பாதையோரம் இருந்த தேயிலைச் செடியைக் காட்டிப் பறிக்கச் சொன்னார். அம்மா இடது கையால் பறித்தாள். செடி ஆடியது. கொழுந்தோடு முற்றிய இலையும் வந்தது. வலது கை பழக்கத்தில் தானாக ஒருமுறை நீண்டு, ஒன்றையும் பிடிக்காமல் திரும்பியது. அதைத் துரையும் பார்த்தார்.

"போதும். இந்தக் கை கெட்ட கைதான். அப்போ மாசி மாசம் கைக்காசு? யார் பறிச்சது?"

உண்மை என் வாயில் தயாராக இருந்தது. பள்ளிக்கூடத்தில் எனக்குக் கற்றுக்கொடுத்ததெல்லாம் அந்த இடத்தில் அதைச் சொல்லத்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்:

"நாந்தான் தொரை. வலிக்க வலிக்கப் பறிச்சேன். அதுலதான் கை ஒரேயடியாப் போச்சு."

துரை கங்காணியைப் பார்த்தார். "அப்பிடியா?"

கங்காணி நிரைக்குப் பின்னால் நாள் முழுக்க நின்றவர். இல்லையென்று சொன்னால், அப்படியானால் நீ எதைப் பார்த்துக்கொண்டு நின்றாய் என்ற கேள்வி அவருக்கு வரும். தலைப்பாகையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"ஆமாங்க தொரை. வலியோடதான் பறிச்சா. கெட்டிக்காரப் பொம்பளைங்க."

"மரக்கறித் தோட்டம் வேலை?"

"அது... சொல்லக் கேள்விங்க தொரை. கண்ணால பாக்கலைங்க."

துரை மனுவின் மூலையில் ஏதோ எழுதி கிளாக்கர் ஐயாவிடம் கொடுத்தார். வாரம்தோறும் அரிசி, ஆறு மாதத்துக்கு. அதன்பின் கையை மறுபடி பார்க்க வேண்டும். ஆறு மாதம் போதாது, ஆனால் அதற்குள் பாதிக்கு மேல் படிப்பு முடிந்துவிடும் என்று என் மனம் உடனே கணக்குப் போட்டது.

கிளாக்கர் ஐயா தர்ம அரிசிப் புத்தகத்தை விரித்தார். "காரணமும் எழுதோணும். உங்கட எழுத்து வடிவுதானே, நீங்களே எழுதுங்கோ தம்பி" என்று பேனாவை நீட்டினார்.

'ஒடிந்த கையால் அளவுக்கு மேல் கொழுந்து எடுத்ததில் கை செயலற்றுப் போனதால்' என்று எழுதினேன். ஆபீஸ் புத்தகம் ஒன்றில் நான் எழுதிய முதல் வரி அது. அம்மா அதன் கீழே இடது பெருவிரலை ஒற்றினாள். கிளாக்கர் ஐயா வரியைப் படித்தார். என்னை ஒரு கணம் பார்த்தார். மை காயட்டும் என்று புத்தகத்தைத் திறந்தபடியே விட்டார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

செய்தி எங்களுக்கு முன்னாலேயே மலையேறிவிட்டது. சாயங்காலம் அத்தை கூடையோடு நேரே எங்கள் வாசலில் வந்து நின்றது.

"ஏன் மதினி, ஆறு பேர் பறிச்சதை நீ ஒத்த ஆளாப் பறிச்சேன்னு சொன்னியாமே! அந்த வெல்லத்தை மட்டும் எங்களுக்கு ஏன் குடுத்த?"

"மெல்லப் பேசுடி, கங்காணி காதுல விழப்போகுது."

"விழட்டும். அவருதான் ஒனக்குச் சாட்சி!"

அம்மா சிரித்தாள். கார்த்திகைக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். உடனே என் பக்கம் திரும்பி, "நீ ஏன் இன்னும் உக்காந்திருக்க? ரெண்டு நாப் படிப்பு போச்சு. வெள்ளனக் கெளம்பு" என்றாள்.

புதன்கிழமை பள்ளிக்கூடத்தில் வாத்தியார், இரண்டு நாள் எங்கே போனாய் என்று கேட்டார். அம்மாவுக்குக் கை ஒடிந்திருக்கிறது என்றேன்.

"எப்படி ஒடிந்தது?"

மழையில் கானில் விழுந்ததைச் சொன்னேன். அரிசிப் புத்தகத்தில் நான் எழுதிய காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. அவர் உட்காரச் சொன்னார்.