பனங்கட்டை வைத்த லாரி

எங்கள் குடும்பத்தில் இங்கிலீஷ் படித்தவள் நான் ஒருத்திதான். அந்தப் பெருமையால் வந்ததை எழுதுகிறேன்.

இனயத்திலிருந்து கோட்டாறு சந்தைக்குக் கருவாடு கொண்டுபோக அப்பா ஒரு பழைய லாரி வைத்திருந்தார். சுமை ஏற்றினால் பின்பக்கம் தாழ்ந்து, சக்கரம் மேற்பலகையில் உரசும். சுமை தாங்கும் இரும்புப் பட்டைவில்லைக் கழற்றிக் காய்ச்சி வளைக்க நாலு நாள் ஆகும் என்றார் கொல்லர். சந்தை தவறிவிடுமே என்று அப்பா கலங்கினார். லாரியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் புரட்டினேன். பாதி புரியவில்லை. அதைச் சொல்ல வெட்கமாயிருந்தது.

"சக்கர இருசுக்கும் வண்டிச் சட்டத்துக்கும் நடுவுல பனங்கட்டைய அடிச்சு வச்சா போதும்ப்பா" என்றேன்.

கொல்லர் சிரித்தார். "வில்லு அசையண்டாமா மக்கா? குழியில விழுந்தா அடிய ஆரு தாங்குவா, நீயா?"

"புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு." அப்படி எதுவும் அதில் இல்லை.

"எம் மவ படிச்சவ, வே! நீரு கட்டைய அடியும்" என்றார் அப்பா.

லாரி நிமிர்ந்து நின்றது. மூன்றாம் நாள் இரணியல் இறக்கத்தில் குழியில் விழுந்ததும் இருசு முறிந்து கவிழ்ந்தது. அப்பாவின் வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

பார்க்க வருகிறவர்களிடம், "வெள்ளக்காரன் புத்தகத்துல தப்பாட்டு எழுதிட்டான்" என்று இன்றும் சொல்கிறார்.

இப்போது யாருக்கு எதை வாசித்தாலும் வரியில் விரல் வைத்து, இருப்பதை மட்டும் சொல்கிறேன். புரியாததைப் புரியவில்லை என்கிறேன். அப்பாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லவில்லை. இதை நான் எழுதி அனுப்பும் இந்தப் பத்திரிகையை அவருக்கு மாதாமாதம் வாசித்துக் காட்டுகிறவள் நான்தான். இதையும் ஒரு வரி விடாமல் வாசிப்பேன்.