நியூ டவுனில் உடைந்த உலோகக் கண்ணாடி நாடா

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எதையும் மறைக்க மாட்டேன். "உடைஞ்சதையும் சேர்த்து எழுதுடி" என்று ரேவதி அக்காவே சொல்லிவிட்டார்.

லேக் மார்க்கெட்டில் எங்கள் மேல்வீட்டில் வாடகைக்கு இருப்பவர் அவர். கோயம்புத்தூர்க்காரர், நியூ டவுனில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பிஎச்.டி. செய்கிறார். துர்கா பூஜை முடிந்தும் என் பள்ளி திறக்கவில்லை, ஆய்வுக்கூடம் திறந்துவிட்டது. நச்சரித்து அவருடன் ஒட்டிக்கொண்டேன்.

காலை எட்டேகாலுக்குக் கிளம்பினோம். காளிகாட்டில் மெட்ரோ ஏறி, எஸ்ப்ளனேடில் மாறி, செக்டர் ஃபைவில் இறங்கி ஷேர் ஆட்டோ. மொத்தம் ஒன்றரை மணி நேரம். ஆட்டோக்காரர் வங்க மொழியில் விசாரித்தார்: "லீவு நாள்ல எங்கம்மா போறே?"

"கண்ணாடி பார்க்க."

"அதுக்கு இவ்வளவு தூரமா? கரியாஹாட் கடைத்தெருவுலயே கிடைக்குமே!"

நான் பார்க்கப் போனது உலோகக் கண்ணாடி. உருகிய உலோகத்தைச் சுழலும் செப்புச் சக்கரத்தில் ஊற்றினால், அணுக்கள் வரிசையில் நிற்க அவகாசமில்லாமல் தாறுமாறாக உறைந்துவிடுமாம். பார்த்தால் சாக்லேட் தாள் போலப் பளபளக்கும் மெல்லிய நாடா, அவ்வளவுதான்.

அக்கா ஒரு நாடாவுக்குள் ஹைட்ரஜனை ஏற்றியிருந்தார். அந்த அணுக்கள் உள்ளே இடுக்குவிட்டு இடுக்கு தாவிக்கொண்டே இருக்கும். குளிரவைத்த நாடாவை அதிரவிட்டு மெல்லச் சூடேற்றினால், தாவும் வேகம் அதிர்வின் வேகத்தோடு ஒத்துப்போகும் இடத்தில் அதிர்வு சட்டென்று அடங்கும். அடங்கும் வேகத்தைத் திரையில் ஒரு கோடு காட்டும்; அந்த வெப்பநிலையில் அது மேடாக எழும். நேற்றே மேடு வந்துவிட்டது. இன்று மறுபடி அளந்து உறுதி செய்யவேண்டும், ஏனென்றால் நாளை கருவி வேறு குழுவுக்குப் போகிறது. ஹைட்ரஜன் ஏற்றிய நாடாவும் ஒன்றே ஒன்றுதான்.

அங்கே வழக்கம் ஒன்று உண்டு. யார் வந்தாலும் ஹைட்ரஜன் ஏற்றாத நாடாவை விரலில் சுற்றிக் காட்டுவார்கள். விட்டால் அது நிமிர்ந்துவிடும். மேசையில் இரண்டு கண்ணாடிக் கிண்ணங்கள், ஒன்றில் ஹைட்ரஜன் ஏற்றிய நாடா, மற்றதில் ஏற்றாதது. பெயர்கள் மூடிகளில் இருந்தன, இரண்டு மூடிகளும் திறந்து கிடந்தன. அக்கா என்னிடம் பேசிக்கொண்டே ஒன்றை எடுத்து வளைத்தார்.

டிக்.

ஹைட்ரஜன் ஏறிய நாடா வளையாது, முறியும். அக்கா தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் வராமல் இருந்திருந்தால்?

"ஷொர்போநாஷ்! எல்லாம் போச்சு!" என்றார் கூட வேலை செய்யும் ஷுபோதா, அதாவது ஷுபோ அண்ணன். "ரேவதி, உடைக்கணும்னா என்னோடதை உடைச்சிருக்கலாமே!" யாரும் சிரிக்கவில்லை.

அக்கா முறிந்த துண்டைக் கண்ணருகே தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஷுபோதா, துண்டு சின்னதுன்னா வேகமா அதிரும் இல்ல?"

மேசை விளிம்பில் ஸ்கேலை வைத்துத் தட்டுவோமே, அதேதான். நீட்டிய பகுதி குறைந்தால் அதிர்வு வேகமாகும். சூடு ஏற ஏறத் தாவலும் வேகமாகும். ஆக, ஹைட்ரஜன் தாவுவதுதான் காரணம் என்றால், வேகமான அதிர்வுக்கு மேடு இன்னும் சூடான பக்கம் நகரவேண்டும். நகராவிட்டால் அக்காவின் கருத்தே தவறு.

துண்டைக் கவ்வியில் பொருத்தினார்கள். சாப்பாட்டு நேரம் போனது, யாருக்கும் பசிக்கவில்லை. நேற்று மேடு வந்த வெப்பநிலை வந்தது. கோடு தட்டையாகவே போனது. அக்காவின் முகம் வெளுத்தது. இன்னும் கொஞ்சம் சூடு. கோடு மெதுவாகத் தலைதூக்கியது, ஏறியது, மேடாகி இறங்கியது.

"நகர்ந்துடுச்சுடி," என்று என் தோளை வலிக்க வலிக்கப் பிடித்தார்.

"இனிமே வாரம் ஒண்ணு உடை," என்றார் ஷுபோதா.

வீட்டுக்கு வந்தும் அந்த 'டிக்' என் காதில்தான் இருக்கிறது. கையில் அசையாமல் கிடந்த ஒன்றுக்குள் அத்தனை ஓட்டமா!

போக நினைப்பவர்களுக்கு: முன்அனுமதி கட்டாயம். மூடிய செருப்பு போடுங்கள், ஏ.சி. குளிருக்கு ஸ்வெட்டர் வேண்டும். மெட்ரோவில் எஸ்ப்ளனேடு நெரிசலைக் கணக்கில் வையுங்கள். எதற்கும் பெயரை மூடியில் எழுதாதீர்கள்.

ஆய்வுக்கூடத்திலிருந்து கிளம்பும்முன் அக்கா இரண்டு கிண்ணங்களின் அடியிலும் பெயர் எழுதினார். மை காயும்வரை காத்திருந்தோம். பிறகு ஷுபோதா விளக்குகளை அணைத்தார்.