ஆபா வீடு

அப்பா சவரம் செய்துகொள்வதை நிறுத்தினால் எங்கள் வீட்டுக்குக் குழந்தை வரப்போகிறது என்று அர்த்தம். அம்மாவின் வயிறு தெரிவதற்கு முன்பே அப்பாவின் தாடி தெரிந்துவிடும். தெருவில் இருப்பவர்கள் அவருடைய கன்னத்தைப் பார்த்துவிட்டுத்தான் அம்மாவிடம் வந்து விசாரிப்பார்கள்.

அப்பா கடைசியாகத் தாடி விட்டபோது நான் மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது.

பிரேசர் டவுனில் ஒரு பெரிய பங்களாவின் பின்பக்கம் எங்கள் வீடு இருந்தது. முன்பு அது குதிரை லாயம். பங்களாவில் இருந்த துரை ஊரைவிட்டுப் போகும்போது, தனக்குப் பல வருஷம் தச்சுவேலை செய்த அப்பாவுக்கு அதைக் கொடுத்துவிட்டுப் போனார். சுவரில் குதிரை கட்டும் இரும்பு வளையங்கள் அப்படியே இருந்தன. ஒரு வளையத்தில் என் புத்தகப் பை தொங்கும். இன்னொன்றைப் பிடித்துக்கொண்டுதான் வயிறு பெருத்த காலங்களில் அம்மா தரையிலிருந்து எழுந்திருப்பாள். குதிரைக்கு வைத்த உயரம் அவளுக்கும் சரியாக இருந்தது.

மற்றது எதுவும் சரியாக இல்லை. மங்களூர் ஓடுகளைத் தாங்கும் மரச்சட்டங்களைக் கரையான் தின்றிருந்தது. ஜன்னல் என்று ஒன்று கிடையவே கிடையாது. துரைக்குக் குதிரைகளுக்குச் சளி பிடித்துவிடுமோ என்று பயமாம்.

அப்பா நாள் முழுவதும் பங்களாக்களின் கூரைகளைப் பழுது பார்ப்பார். சொந்தக் கூரையை மட்டும் தொடமாட்டார். மனைவி வாயும் வயிறுமாக இருக்கும்போது கணவன் முடி வெட்டக்கூடாது, சொந்த வீட்டில் எதையும் கட்டவோ இடிக்கவோ கூடாது, ஓர் ஆணிகூட அடிக்கக்கூடாது என்பது எங்கள் ஜனங்களின் வழக்கம். எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். பாதிப் பேர் அதில் பாதியைக் கடைப்பிடிப்பார்கள். அப்பாவும் முன்பு அப்படித்தான் இருந்தார். 

அதற்கு முந்தின தடவை அம்மா பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது, ஒரு மழைநாளில் ஓடு சரிந்து அடுப்பில் தண்ணீர் கொட்டியது. அப்பா ஏணி வைத்து ஏறி, சட்டத்தை நிமிர்த்தி ஆணி அடித்துவிட்டு இறங்கினார். தம்பி மாதம் நிறைவதற்குள் பிறந்து, பிறந்த அன்றே போய்விட்டான். துக்கம் கேட்கக் கோலார் தங்கவயலிலிருந்து வந்த அத்தை, அழுது முடித்துவிட்டு மூக்கைச் சிந்தியபடி கூரையைப் பார்த்தாள்.

"ஆணி புதுசா இருக்குதே. யாரு அடிச்சது?"

அப்பா எழுந்து வெளியே போனார்.

அதன்பின் அவர் எங்கள் வீட்டுக்குள் சுத்தியலைக் கொண்டுவந்ததே இல்லை. வேலை முடிந்து வரும்போது கருவிப் பையை எதிர்வீட்டில் வைத்துவிட்டுத்தான் எங்கள் வாசலில் காலை வைப்பார்.

எதிர்வீட்டில் ஆபா இருந்தாள். ஆபா என்றால் அவர்கள் பேசும் உருதுவில் அக்கா. அவளுடைய தங்கைகள் அப்படிக் கூப்பிட்டு, பிறகு தெருவே கூப்பிட்டு, அவளுடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. அவளும் அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டுவார்கள். கடைக்காரர் மாவும் குச்சியும் கொடுத்துவிட்டுப் போவார். ஆபா உருட்டுவதைவிடப் பேசுவது அதிகம். அம்மா பேசுவதைவிட உருட்டுவது அதிகம்.

அந்த வருஷம் சித்திரையில் மாங்காய் மழை பெய்தபோது, அம்மா பாய் விரிக்கும் இடத்துக்கு நேர் மேலே இருந்த சட்டம் வளைந்து கீழே தொங்கியது. குழந்தை ஐப்பசியில் பிறக்கும் என்றார்கள். ஐப்பசியில் எங்கள் ஊரில் மழை நிற்காது. அதோடு குளிரும் சேர்ந்துகொள்ளும்.

"ஏங்க, இந்தக் கூரைக்குக் கீழ கொழந்தைய எங்க போடறது?" என்று அம்மா கேட்டாள்.

"பொறந்த பின்னால பாத்துக்கலாம்."

"அதுக்குள்ள கூரை தலைல எறங்கிடும். நீங்க அடிக்க வேணாம். வேற ஆசாரிய வரச் சொல்லுங்க."

"எவன் அடிச்சா இன்னா? வீடு நம்மளுதுதானே."

"பங்களாவுல தெனமும் அடிக்கிறீங்களே, அது?"

"அது ஊரான் வீடு."

அம்மா அதற்கு மேல் பேசவில்லை. அம்மா பேசாமல் இருந்தால் ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம். ஊதுபத்தி மாவும் அவள் மூளையும் ஒன்றாகவே உருளும். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு நான் வந்தபோது, கையில் இருந்த குச்சியைக் கீழே வைக்காமல் ஆபாவிடம் சொன்னாள்:

"ஆபா, எங்க வீட்ட நீங்க எடுத்துக்குங்க."

"அரே! என் வீட்டப் பெருக்கவே எனக்கு இடுப்பு வலிக்குது. உன் வீட்ட வச்சு நான் என்ன பண்ண?"

அம்மா மெதுவாக விளக்கினாள். சொந்த வீட்டில்தான் ஆணி அடிக்கக்கூடாது. ஊரான் வீட்டில் அடிக்கலாம். ஆகவே குழந்தை பிறக்கும் வரைக்கும் வீடு ஆபாவுடையது. நாங்கள் அதில் குடியிருப்பவர்கள். அப்பா கூலிக்கு வரும் ஆசாரி. ஆபா சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த குச்சிகளெல்லாம் சிதறின. பிறகு திடீரென்று முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டாள்.

"ஹௌ, எடுத்துக்கறேன். ஆனா என் வீடுன்னா என் இஷ்டம்தான். வேலை சரியில்லன்னா உன் புருஷன் தாடியப் புடிச்சிருவேன்."

அன்று சாயங்காலமே கைமாற்றம் நடந்தது. அம்மா வீட்டுச் சாவியையும் துடைப்பத்தையும் ஆபாவின் கையில் கொடுத்தாள். ஆபா ஒரு கிண்ணம் உப்போடு, தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வலதுகாலை எடுத்துவைத்து உள்ளே வந்தாள். அப்பா கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"வாயால சொல்லிட்டா ஆச்சா?" என்றார்.

அம்மா ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எழுதுடி. பள்ளிக்கூடத்துக்கு எதுக்கு அனுப்பறோம்? கதவுல எழுது. இது யாரு வீடுன்னு எழுது."

அதுவரை நான் எழுதியதெல்லாம் சிலேட்டில் எழுதி எச்சில் தொட்டு அழித்தவைதான். பெரியவர்கள் சுற்றி நின்று காத்திருக்க நான் எழுதியது அன்றுதான் முதல்முறை. பள்ளியில் பொறுக்கி வைத்திருந்த சாக்பீஸ் துண்டை எடுத்து, பாயைச் சுருட்டி அதன்மேல் ஏறி நின்று, பெரிய எழுத்தில் 'இது ஆபா வீடு' என்று எழுதினேன். கதவு மரத்தில் ஓர் இடத்தில் கணு புடைத்திருந்தது. 'பா'வின் கால் சரியாக அங்கே வந்து மாட்டிக்கொண்டது. அதை நேராக இழுக்க முடியாமல் கணுவைச் சுற்றி வளைத்து இறக்கினேன். அது ஒன்றுதான் குறை.

"இன்னா எழுதியிருக்குது? படி," என்றார் அப்பா.

"இது ஆபா வீடு."

"திரும்பப் படி."

"இது ஆபா வீடு."

"வேற யாராச்சும் படிச்சா?"

"யார் படிச்சாலும் அதேதான்பா வரும்."

"உங்க டீச்சர் படிச்சாக்கூட?"

"டீச்சர் படிச்சாலும் அதேதான்."

அப்பா தாடியைத் தடவிக்கொண்டார். அம்மா அந்தச் சமயத்தை விடவில்லை. "நாளைக்கு வெள்ளனவே வேலைக்கு வந்துருங்க மேஸ்திரி," என்றாள். அவள் அப்பாவை மேஸ்திரி என்று கூப்பிட்டு நான் கேட்டது அப்போதுதான்.

மறுநாளிலிருந்து எங்கள் தெரு நல்ல வேடிக்கை பார்த்தது. பங்களா வேலைக்குக் கிளம்புவதற்கு முன் கொஞ்ச நேரமும் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அப்பா எங்கள் வீட்டில், அதாவது ஆபா வீட்டில், வேலை செய்தார். உள்ளேயிருந்து எழுந்து நேராக ஏணியில் ஏற அம்மா விடமாட்டாள். பின்பக்கமாகச் சந்தில் போய், எதிர்வீட்டில் கருவிப் பையை எடுத்துக்கொண்டு, தெருவழியாக வந்து கதவுக்கு முன் நிற்க வேண்டும். அப்பா கதவையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு கனைப்பார். ஆபா முற்றத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள்.

"க்யா மேஸ்திரி, இப்பத்தான் விடிஞ்சுதா?"

"இல்லம்மா, வீட்ல ரெண்டு பொம்பளைங்க. கெளம்பறதுக்குள்ள நேரமாயிடுது."

உள்ளே அம்மாவின் தோள்கள் குலுங்கும்.

கரையான் தின்ற சட்டங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. புதிய சட்டங்கள் ஏறின. ஆணி இறங்கும் சத்தம் சுவர்வழியாக என் முதுகு வரைக்கும் வரும். அப்பா அவ்வளவு அழகாக வேலை செய்வார் என்று எனக்கு அதுவரை தெரியாது. பங்களாக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த அப்பாவை நான் அப்போதுதான் பார்த்தேன். உதட்டில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு, ஓட்டின்மேல் பூனை மாதிரி நடப்பார். ஓர் ஓடுகூட உடையாது.

ஆபா மேலே மேலே கேட்டுக்கொண்டே போனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிழக்குச் சுவரைக் காட்டி, "இங்க ஒரு ஜன்னல் வேணும்," என்றாள்.

"அங்க வச்சா காத்து அடிக்கும்மா. கொழந்தைக்கு ஆவாது."

"யார் கொழந்தை? இது என் வீடு. என் வீட்டுக் காத்து, எனக்கு அடிக்கட்டும். நீ இடி."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா குனிந்த தலை நிமிராமல் ஊதுபத்தி உருட்டிக்கொண்டிருந்தாள். கிழக்கே ஜன்னல் வேண்டும் என்று அவள் பல வருஷமாகக் கேட்டு, அப்பா காற்றுக் கணக்குச் சொல்லி மறுத்து வந்தது அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை. ஆபாவின் மேல் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அப்பாவை இப்படி அதட்டுகிறாளே, நாளைக்கு வீட்டைத் திருப்பித் தராமல் போனால் என்ன செய்வது? எழுதியது வேறு நான்! டீச்சர் படித்தாலும் அதேதான் வரும் என்று வேறு சொல்லிவிட்டேன்.

ஆனி மாதம், பாதிக் கூரை பிரித்துக் கிடந்தபோது, ஒரு சாயங்காலம் சாரல் அடித்தது. மறுநாள் காலை அப்பா வழக்கம்போலச் சந்துவழியாகச் சுற்றிக்கொண்டு பையோடு வந்தார். கதவுக்கு முன் வந்து நின்றார். பையைக் கீழே வைத்தார். வாசல் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா ஆச்சு?" என்று அம்மா வெளியே வந்தாள்.

"தலை வலிக்குது."

"மேல பாருங்க, மானம் கறுத்துக்கிட்டு வருது. பாதிக் கூரை தொறந்து கெடக்குது."

"தலை வலிக்குதுன்றேன்ல."

காய்ச்சலோ என்று நினைத்தேன். அம்மா அவர் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை. திரும்பிக் கதவைப் பார்த்தாள். சாரலில் என் எழுத்து கரைந்து, வெள்ளைத் தண்ணீராக வழிந்து காய்ந்திருந்தது.

"ஏய், சாக்பீஸ் எங்கடி? ஓடு!"

மறுபடியும் பாயைச் சுருட்டி ஏறி எழுதினேன். பழைய தடத்தின் மேலேயே எழுதியதால் 'பா'வின் கால் மறுபடி கணுவைச் சுற்றி வளைந்தது. "படி," என்றார் அப்பா, உட்கார்ந்தபடியே. படித்தேன். எழுந்து பையை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். மழை இறங்குவதற்குள் அந்தப் பக்கம் முழுவதும் ஓடு வேய்ந்துவிட்டார்.

என் கையெழுத்து இல்லாமல் அப்பாவுக்கு வேலையே ஓடவில்லை என்று நான் பூரித்துப்போனேன். அன்றிலிருந்து யாரும் சொல்லாமலே தினமும் விளக்கு வைப்பதற்கு முன் எழுத்தை அழுத்தி எழுதினேன். சுற்றிலும் கொடியும் பூவும் போட்டேன். பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.

ஐப்பசி அடைமழையில் தங்கை பிறந்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே விழவில்லை. மழை விட்ட காலைகளில் கிழக்கு ஜன்னல்வழியாக வெயில் அவள்மேல் வந்து விழும். ஆபா ஜன்னலுக்கு வெளியே நின்று, "காத்து வருதா மேஸ்திரி?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

தொட்டில் போட்ட நாளன்று அவள் சாவியையும் துடைப்பத்தையும் திருப்பிக் கொடுத்தாள். "ஜன்னல் மட்டும் என்னுது," என்றாள். அம்மா ஒரு துணியை நனைத்து அப்பாவின் கையில் கொடுத்து, கதவைக் காட்டினாள்.

"இருக்கட்டுமே. இன்னும் கொஞ்ச நாளு," என்றார் அப்பா.

"அழுவுறா, கேக்குதா? நல்லா கத்தறா. தொடைங்க. இது நம்ம வீடு."

அவர் உள்ளே பார்த்தார். தூளி ஆடிக்கொண்டிருந்தது. பிறகு ஒவ்வோர் எழுத்தாக, மெதுவாகத் துடைத்தார். கொடியும் பூவும் போகும்போது நான் ஓவென்று அழுதேன். இவ்வளவு நல்ல எழுத்தை யாராவது அழிப்பார்களா?

அம்மாவுக்கு அந்த வழக்கத்தில் நம்பிக்கை இருந்ததா என்று பெரியவளான பின் கேட்டேன். "அது கெடக்கட்டும். கூரை ஒழுகுதா இப்போ?" என்றாள். அவள் கைநாட்டுக்காரிதான். படித்து வந்த நான், அந்தக் கேள்விக்கு அதைவிட நல்ல பதிலை எங்கேயும் கேட்டதில்லை.

இப்போது நான் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். சென்ற வருஷம் அப்பா, ரேஷன் கடையில் கைநாட்டு வைக்க வெட்கமாக இருக்கிறது, பெயர் எழுதச் சொல்லிக்கொடு என்றார். தங்கையின் பழைய சிலேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"எனக்குக் கொஞ்சம் தெரியும்," என்று சொல்லி பலப்பத்தை என் கையிலிருந்து வாங்கினார். உதட்டைக் கடித்துக்கொண்டு, ஆணிக்கு அடையாளம் வைப்பதுபோல் அழுத்தி எழுதினார். இது ஆபா வீடு. கணு எதுவும் இல்லாத அந்தச் சிலேட்டில், 'பா'வின் கால் கணுவைச் சுற்றி வளைந்து இறங்கியது.

ஒவ்வொரு நாள் காலையும் அவர் அந்தக் கதவுக்கு முன் அவ்வளவு நேரம் நின்றது என் எழுத்தின் அழகைப் பார்க்கத்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.