சக்கரத்தடியில் மொக்கைச்சாமியின் கால்

மொக்கைச்சாமியின் வலது கை சும்மா இருந்தால் ஆடும். எதையாவது பிடித்தால் நின்றுவிடும். இராஜபாளையத்துப் பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கிற அவரை, "வெறுங்கையிலே பீடி சுத்துதாருல்லா" என்று கூட வேலை பார்க்கிறவர்கள் கேலி செய்வார்கள்.

அவர் அதைச் சட்டை செய்யவில்லை. ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேருக்கு முட்டுக்கட்டை போடுவது அவர் குடும்பத்து வேலை. உருண்டுவரும் சக்கரத்துக்கு முன்னால் கட்டையைச் செருகி, அதே மூச்சில் விலகிவிட வேண்டும். கட்டையை எடுத்ததும் கை நடுக்கம் போய்விடுகிறது. அப்புறம் என்ன?

1992 ஆனியில் மனைவி சுந்தரம்மாள் அவரை மதுரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நரம்பு டாக்டர் நடக்கவிட்டுப் பார்த்தார். மூளையின் அடித்தண்டில் கருநிறச் செல்கள் இருக்கின்றன, அவற்றுக்குள் புரதம் கட்டி கட்டியாகச் சேர்கிறது, செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகின்றன என்றார். உடம்பைச் சரளமாக அசைக்கிற ரசாயனம் அங்கேதான் உண்டாகிறதாம்.

"அந்தக் கட்டிய வெட்டி எடுக்க ஏலாதாய்யா?" என்றாள் சுந்தரம்மாள்.

"கண்ணுக்கே தெரியாதும்மா. மைக்ராஸ்கோப்பிலதான் தெரியும். அதுவும் ஆள் செத்த பிறகு."

"அப்ப நான் பாக்கப் போறதில்ல" என்று மொக்கைச்சாமி சிரித்தார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "கை நிக்குதுன்னு நம்பிடாதீங்க. கால் திடீர்னு தரையோட ஒட்டிக்கிடும்."

மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஊர் திரும்பும் பஸ்ஸில் சுந்தரம்மாள், "இந்த வருசம் தேருக்குக் கட்டைய எந்தம்பி போடட்டும்" என்றாள்.

"கைதான் நிக்குதுல்லா, ஏட்டி?"

தேரன்று முதல் கட்டைகள் சுத்தமாக விழுந்தன. வீதி திரும்புமிடத்தில் குனிந்து செருகினார். விலக நினைத்தார். கால் வரவில்லை. சக்கரம் நெருங்கியது. பக்கத்தில் நின்ற மைத்துனன் சின்னக்கருப்பன் இடுப்போடு சேர்த்துப் பிடித்து அவரை வெளியே இழுத்துப் போட்டான். சக்கரம் கட்டையில் ஏறி நின்றது.

"மச்சான், குடிச்சிருக்கியளா?"

"மூளைக்குள்ள கட்டியாம்லே. காலு சொல்பேச்சு கேக்கல." அடுத்த கட்டையை அவனிடம் நீட்டினார். "இனி நீ போடு."

"உங்க அப்பாரு காலத்திலருந்து உங்க வீட்டு வேல மச்சான் இது!"

"அவியளுக்குக் காலு கேட்டுச்சு. பிடிலே."

கூட்டத்தில் சுந்தரம்மாள் பக்கத்தில் போய் நின்றார். அண்ணாந்து பார்த்தார்.

"ஏட்டி, தேரு இம்புட்டு உசரமா?"

"வருசா வருசம் சக்கரத்தையே பாத்துக் குனிஞ்சு கெடந்தா எப்படித் தெரியும்?"

வடம் இறுகியது. தேர் அசைந்தது. சின்னக்கருப்பன் கட்டையைச் செருகிவிட்டுத் துள்ளி விலகினான். கூட்டத்துக்குள் நின்ற மொக்கைச்சாமியின் காலும் அவனோடு சேர்ந்து ஓர் எட்டு பின்னால் போனது.