அவளுக்கு நான் நிரப்பிய கடைசிப் பாரம்

மலேசியாவில் லிங்கிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் யாருக்கு எந்த அரசாங்கக் கடிதம் வந்தாலும் முதலில் என் மேசைக்குத்தான் வரும். நான் ஆபீஸ் கிராணி. உதவித்தொகையோ பள்ளிக்கூடமோ, விண்ணப்பப் பாரத்தை நான் நிரப்புவேன், அவர்கள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். என்ன எழுதியிருக்கிறேன் என்று ஒருவரும் படித்ததில்லை.

அவளும் அப்படித்தான். அடுத்த லயத்து வீட்டுக்காரி, என்னோடு ஒரே வகுப்பு. அவளுடைய கல்யாணப் பதிவுப் பாரத்தைக்கூட நான்தான் நிரப்பினேன். மாப்பிள்ளை பெயரை எழுதும்போது பேனாவை உடைத்துப் போடலாம்போல இருந்தது. அவள்மேல் எனக்கு ஆசை. நேராகச் சொல்லத்தான் வாய் வரவில்லை. அவள் புருஷனோடு சிட்னிக்குப் போய், அந்த நாட்டுப் பிரஜையும் ஆகிவிட்டாள்.

பல வருஷம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். பெண்ணும் பெண்ணும், ஆணும் ஆணும் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அந்த ஊர் அரசாங்கம் தபாலில் கேட்டிருந்தது. வேண்டும், வேண்டாம் என்று இரண்டே கட்டம். பின்னாலேயே போன் வந்தது.

"எதுலடி டிக் போட? வீட்டுக்காரரு வேண்டாம்னு போட்டு ஒட்டிட்டாரு. கோயில் ஆளுங்களும் அப்படித்தான் சொல்றாங்க. எனக்கு என்னமோ வேணும்னு போடலாம்னு தோணுது லா. ராசா டவுன்ல வீடு எடுத்து நாம ரெண்டு பேரும் ஒண்ணாவே இருந்துடலாம்னு நீ சொல்வியே, அந்த ஞாபகம்தான்."

எனக்கு வயிறு எரிந்தது. பதினேழு வயதில் நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னதை இவள் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். புருஷனும் அவளுக்கு, வீடும் அவளுக்கு, இந்தக் கேள்வியும் அவளுக்கேவா? என்னை யார் கேட்டார்கள்? இவள் டிக் போட்டால் எவளோ இரண்டு வெள்ளைக்காரிகள் மாலை மாற்றிக்கொள்வார்கள். நான் இங்கே ஊரார் பாரத்தை நிரப்பிக்கொண்டிருப்பேன்.

"வீட்டுக்காரரு போட்டதையே போடு. நமக்கு எதுக்கு அந்த வம்பு?" என்றேன்.

"நீ சொன்னா சரி," என்றாள். அன்றே தபாலில் சேர்த்துவிட்டதாக மெசேஜ் வந்தது.

அந்த நாடு வேண்டும் என்றே சொன்னது. ஆனால் நம்மைப்போல் குடியேறியவர்கள் நிறைந்த சில வட்டாரங்களில் வேண்டாம்தான் அதிகமாம். தோட்டத்துச் சாப்பாட்டுக் கடையில் எங்களை வேலை வாங்கும் மண்டோர் அந்தச் செய்தியைப் போனில் பார்த்து உரக்க வாசித்தார்.

"வெள்ளக்காரன் எப்படியோ போவட்டும். எங்க போனாலும் நம்மாளுங்க மாறல பாத்தியா? அது ரத்தத்துலயே இருக்கு லா!"

எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். டீ ஆறிப்போய்விட்டது. அந்த வேண்டாம்களில் ஒன்று லிங்கியில் உட்கார்ந்துகொண்டு நான் போட்டது, முழுக்க முழுக்க வயிற்றெரிச்சலில். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவள் வேண்டும் என்றுதான் போட்டிருப்பாள். வாழ்க்கையில் அவள் என்னை நினைத்துச் சொல்ல இருந்த ஒரே வேண்டும் அது.