வெள்ளைக் கெட்டில் காட்டிக்கொடுத்த வாசனை

காலை 6.20க்குக் காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கியதும் கையிலிருந்த அட்டைப்பெட்டியைத்தான் முதலில் குலுக்கிப் பார்த்தேன். சில்லுச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. உள்ளே இருந்தது குன்னூர்க் கடைவீதியில் நானூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிய பீங்கான் கெட்டில். வெள்ளையில் நீலப் பூப்போட்டது. தோள்பையில் இரண்டு கிலோ தேயிலை. கோத்தகிரிக்குப் பக்கத்தில் எங்கள் இரண்டு ஏக்கரில் பறித்து, நானும் என் வீட்டுக்காரரும் சின்ன எந்திரத்தில் சுருட்டி, விறகு உலர்த்தியில் உலர்த்தியது. போகிற ஊர் திருப்பதி. என்னுடன் இறங்கிய பாதிப் பேர் சாமி கும்பிடப் போகிறவர்கள். நான் போனது சண்டை போட.

சண்டைக்காரர் பெயர் தயாளன். திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் டீக்கடை வைத்திருக்கிறார். பால் சேர்க்காத இலை டீயை ஆளுக்கொரு சின்ன மண் கெட்டிலில் ஊற்றிக் கொடுக்கலாம் என்று அவருக்கு யோசனை. மாதம் நாற்பது கிலோ எடுத்துக்கொள்கிறேன் என்றார். அது கிடைத்தால் நாங்கள் பச்சை இலையைச் சுமந்துபோய் ஃபாக்டரி வாசலில் நின்று அவர்கள் சொல்லும் விலைக்குக் கொட்ட வேண்டியதில்லை. அதற்காகத்தான் எந்திரமே வாங்கினோம். கூரியரில் மாதிரி அனுப்பிய நாலாம் நாள் போன் வந்தது. "டீ சரியில்லக்கா. வாசனையே வரல." எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குச் சோறு குழைந்துபோனது. எங்கள் வீட்டிலும் மண் கெட்டில்தான், அதில் தினமும் வாசனை வருகிறதே! நேரில் போய் நானே போட்டுக் காட்டுகிறேன் என்று கிளம்பிவிட்டேன். புதுத் தொழில் தொடங்குகிற வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாதே என்றுதான் பீங்கான் கெட்டில்.

ஏழு மணிக்குச் சித்தூர் பஸ். முப்பத்தைந்து கிலோமீட்டர். எல்லை தாண்டியதும் கடைப்பலகைகள் தெலுங்குக்கு மாறின, பேச்சு மட்டும் மாறவில்லை. சித்தூரில் ஒரு டீ குடித்துவிட்டு திருப்பதி பஸ்ஸில் ஏறினேன். எனக்கு முன்னால் இருந்த பெண்கள் ஆதாரைக் காட்டி இலவசச் சீட்டு வாங்கினார்கள். நானும் ஆசையாக எடுத்து நீட்டினேன். கண்டக்டர் முகவரியைப் பார்த்துச் சிரித்தார். "அம்மா, இதி தமிழ்நாடு. உங்க சி.எம்.கிட்ட கேளுங்க." டிக்கெட் எடுத்தேன்.

எழுபது கிலோமீட்டரும் மாந்தோப்புகள். சந்திரகிரியில் கோட்டைச் சுவர் மலைமேல் ஏறிப்போவதைப் பார்த்தபோதும், தயாளனிடம் என்ன பேசுவது என்றுதான் மனசுக்குள் ஒத்திகை ஓடிக்கொண்டிருந்தது.

10.40க்குக் கடை. தயாளனும் அவர் மனைவி ஜமுனாவும் விஜயபுரம் பக்கத்து விவசாயக் குடும்பம், தமிழ்க்காரர்கள். நான் ஒத்திகை பார்த்ததை ஆரம்பிப்பதற்குள் இட்லித் தட்டை நீட்டினார் ஜமுனா. "மொதல்ல துன்னுங்கக்கா. அப்பால சண்ட போடலாம்." எப்படித்தான் கண்டுபிடித்தாரோ.

சாப்பிட்டு முடித்ததும், "உங்க கெட்டிலைக் காட்டுங்க" என்றேன். இருபது கெட்டில்கள், வரிசையாக, பளபளவென்று. மண் ஏன் பளபளக்க வேண்டும்? ஒன்றை எடுத்து மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனேன். நல்லெண்ணெய்.

"எப்படிம்மா இதைப் பழக்கினீங்க?"

"எங்க ஊட்ல கொழம்பு சட்டி பழக்கற மாதிரிதாங்க்கா. மூணு நாளு கஞ்சித் தண்ணி ஊத்தி வெச்சேன். அப்பால எண்ணெ தடவி வெயில்ல காய வெச்சி, திரும்பி எண்ணெ தடவி அடுப்புல காட்டினேன். ஒரு கெட்டில்கூட விரிசல் உடல," என்றார் பெருமையாக.

எனக்குத் தலை சுற்றியது. இருபது கெட்டிலுக்கும் எண்ணெய்க் குளியல்! குழம்புக்கு அது சரி. டீக்கான கெட்டிலுக்கு வெறும் தண்ணீரும் பழைய டீ இலையும் போதும். மண்ணின் நுண்துளைகளில் எண்ணெய் உட்கார்ந்துவிட்டால் இலையின் மணம் எங்கே மேலே வரும்? இதைச் சொன்னதும் தயாளன் மனைவியைப் பார்க்க, ஜமுனா அடுப்பைப் பார்த்தார். எனக்கோ ஜெயித்துவிட்ட குஷி. அதே குஷியில் பெட்டியைப் பிரித்துப் பீங்கான் கெட்டிலை ஜமுனா கையில் கொடுத்தேன்.

"அந்த வெள்ள கெட்டில்ல போடுங்கக்கா. அதுல எண்ணெ இல்லியே," என்றார் ஜமுனா.

அதைச் சுடுதண்ணீர் விட்டு அலசி, இலையைப் போட்டு மூன்று நிமிடம் மூடி வைத்தேன். மூடியைத் தூக்கியதும் பூ வாசம் குப்பென்று வந்தது. தயாளன் முகம் மலர்ந்தது. "இன்னாக்கா இது! அதே டீயா?" நானும் குனிந்தேன். பூ வாசத்துக்குப் பின்னாலேயே இன்னொன்று வந்தது. மறுபடி மோந்தேன். 

புகை. ஈர விறகின் புகை.

ஏழு வருஷமாக வீட்டில் நாங்கள் டீ போடுவது ஒரே மண் கெட்டிலில். டீயைத் தவிர வேறெதையும் காணாத கெட்டில். அது இத்தனை நாளும் புகையை உறிஞ்சிக்கொண்டு எங்களுக்கு மணத்தை மட்டும் கொடுத்திருக்கிறது. வீட்டிலோ எந்நேரமும் விறகு வாசம், மூக்குக்கும் தெரியவில்லை. பீங்கானுக்கு உறிஞ்சவும் தெரியாது, மறைக்கவும் தெரியாது. ஊர் விட்டு ஊர் வந்து அடுத்தவர் கெட்டிலைக் குற்றம் சொன்ன வாயை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றேன்.

ஜமுனா குனிந்து மோந்து பார்த்தார். "பொகை வாசம் வருதுக்கா," என்றார், மெதுவாக.

"ஆமாம்மா. எங்க உலர்த்தியிலதான் தப்பு. புகை எங்கயோ கசிஞ்சு இலையில படுது."

தயாளன் கொஞ்சம் யோசித்தார். "வுடுங்கக்கா. நான் எப்டியும் மண்ணுலதான ஊத்தப்போறேன்? எண்ணெ இல்லாத புது கெட்டில் வாங்கிக்கறேன். பொகை தெரியாது. நாப்பது கிலோ அனுப்பிடுங்க."

நான் கேட்கத்தான் நானூறு கிலோமீட்டர் தாண்டி வந்த வார்த்தை அது. சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் இனி ஒவ்வொரு மூட்டை கட்டும்போதும் இந்தப் புகை என் மூக்கில் நிற்கும். "ஒரு மாசம் பொறுங்க தம்பி. சரி பண்ணி அனுப்பறேன்," என்றேன். காத்திருக்கிறேன் என்றும் அவர் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஜமுனா பீங்கான் கெட்டிலைக் கழுவித் துடைத்து அதே பெட்டியில் வைத்து என்னிடமே நீட்டினார். "இத நீங்களே எட்த்துக்கினு போங்க. மொதல்ல இதுல ஊத்திப் பாருங்க. அப்பால எங்களுக்கு அனுப்புங்க." கோபத்தில் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குக் கண் கலங்கியது.

மறுநாள் காலை பத்து மணிக்கு வீடு. "ஆர்டர் என்னாச்சு?" என்றார் வீட்டுக்காரர் வாசலிலேயே. நான் வெள்ளைக் கெட்டிலில் டீ போட்டு அவர் முன் வைத்தேன். மூடியைத் தூக்கினார். இரண்டு தடவை மோந்து பார்த்தார். பிறகு கோப்பையைத் தொடாமலே எழுந்து கொட்டகைக்குப் போனார். உலர்த்தியின் புகைக்குழாயை அவர் தட்டித் தட்டிப் பார்க்கும் சத்தம் வெளியே கேட்டது. ஒரு இடத்தில் சத்தம் மாறியது. அங்கே தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.